மெதுவாக மிதிப்பவரின் கணக்கு

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை சைக்கிளிலேயே போய்விடுவது என்று இரண்டு பேர் முடிவெடுத்துவிட்டால், முதல் சண்டை சாலையில் வராது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரும். பெரும்பாலும் ஒரு எண்ணை வைத்துத்தான் வரும்.

"தினம் நூறு கிலோமீட்டர் போட்டா முப்பத்தேழு நாள்ல முடிஞ்சிடும்" என்பார் கணவர்.

"ஏங்க, உங்களுக்கு நூறு சரி. எனக்கு?" என்பார் மனைவி.

கணவன் மனைவி என்று இல்லை. நண்பர்களாக இருந்தாலும், அப்பாவும் மகளுமாக இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். அதற்கு மேசையிலேயே நேர்மையாகப் பதில் கண்டுபிடித்துவிட வேண்டும். "போகப் போகப் பழகிடும்" என்று சமாளித்துக் கிளம்பினால், அதே கேள்வி கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவே, உச்சி வெயிலில், இன்னும் உரத்த குரலில் திரும்பி வரும்.

சாலையைப் பற்றி முதலில். நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலையான தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கிறது. திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று தமிழ்நாட்டை நெடுக்காகக் கடந்து பெங்களூரு போகிறது. பிறகு அனந்தபூர், கர்னூல், ஐதராபாத், அதிலாபாத், நாக்பூர். அங்கிருந்து சாகர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா, டெல்லி. கடைசியாகப் பானிபட், லூதியானா, பதான்கோட், ஜம்மு, பனிஹால், ஸ்ரீநகர். ஊர்களுக்குள் போய் வருவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் வரும்.

நூறு வீதம் வகுத்தால் 37 நாள் என்பது கணக்குப் பாடத்துக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் தண்ணீர் பாட்டிலோடு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வது ஒன்று. பன்னிரண்டு கிலோ சுமையைக் கட்டிக்கொண்டு, இருபதாவது நாளும் விடிகாலையில் எழுந்து, நேற்றைய வலியோடு அதே நூறை ஓட்டுவது வேறு. முழங்காலும் இருக்கையில் உராயும் தோலும் கணக்கு வைத்துக்கொண்டே வரும். நாளுக்கு 75 கிலோமீட்டர், வாரத்துக்கு ஆறு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு என்று போட்டால் எட்டேகால் வாரம் ஆகிறது. மழை, காய்ச்சல், நிலச்சரிவு, நல்ல ஊர் ஒன்றில் கூடுதலாக ஒரு நாள் தங்கும் ஆசை எல்லாவற்றுக்கும் நான்கைந்து நாள் சேர்த்தால் 62, 63 நாள். இரண்டு பேருக்கு நியாயமான கணக்கு இதுதான்.

இந்த 75 யாருடைய 75? மெதுவாக மிதிப்பவருடையது. அவருக்கு வசதியான தூரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டதே இருவருக்கும் உரிய தூரம். இதில் தயவுதாட்சண்யம் எதுவும் இல்லை, நடைமுறைக் காரணம் இருக்கிறது. வேகமானவர் முன்னால் போய் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார். டீ குடித்து, கால் நீட்டி, பத்து நிமிடம் ஓய்வெடுத்தாயிற்று. பின்னால் வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியதும் முன்னவர் எழுந்து, "கிளம்பலாமா?" என்கிறார். நாள் முழுக்க இப்படி ஐந்து முறை நடந்தால், ஓய்வு தேவைப்படாதவருக்கு ஐம்பது நிமிடம் ஓய்வு. தேவைப்பட்டவருக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது நாள் பேச்சு குறையும். ஐந்தாவது நாள் நின்றுவிடும்.

இதைச் சரிசெய்யச் சாலையில் இரண்டு வழி உண்டு. ஒன்று சுமை. இரண்டு பேரின் மூட்டையையும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கருவிப்பெட்டி, பூட்டு, தண்ணீர், கனமான துணி எல்லாம் வலுவானவர் கேரியருக்குப் போகட்டும். நான்கு கிலோ இடம் மாறினாலே இருவர் வேகமும் நெருங்கிவிடும். இன்னொன்று வரிசை. காற்றின் தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் அல்ல, வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. அதனால் எதிர்க்காற்று அடிக்கும்போது வலுவானவர் முன்னால் போக, மற்றவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டுப் பின்னால் ஒட்டிக்கொண்டால் பின்னவருக்கு வேலை நன்றாகவே குறைகிறது. மேடு வந்ததும் வரிசையை மாற்ற வேண்டும். அங்கே காற்றுக்கு வேலையில்லை, எடைக்குத்தான் வேலை. மெதுவானவர் முன்னால் போய் வேகத்தைத் தீர்மானிக்க, மற்றவர் பின்னால் வரலாம்.

இதே நாட்டைத் தென்கோடியிலிருந்து இமயம் வரை சைக்கிளில் கடந்த தம்பதி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஃபேனி புல்லக் வொர்க்மனும் அவர் கணவர் வில்லியம் ஹன்டர் வொர்க்மனும். 1897 நவம்பரில் அவர்கள் கீழ்த்திசைப் பயணத்தைத் தொடங்கியபோது ஃபேனிக்கு வயது 38. மருத்துவத் தொழிலை விட்டு ஓய்வு பெற்றிருந்த வில்லியமுக்கு 50. இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை ஆண்டு அலைந்தார்கள். சைக்கிளில் கடந்த தூரம் 14,000 மைல் என்று 1904-இல் வெளியான தங்கள் நூலின் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.

நவீனக் கியரும் கைபேசி வரைபடமும் இல்லாத அந்தக் காலத்தில் அவர்கள் போட்ட திட்டம் எளிமையானது. கூடுமானவரை ரயில் பாதையை ஒட்டியே போனார்கள். உணவும் பொருளும் ரயிலில் வந்து சேரும்; தங்க இடம் கிடைக்காவிட்டால் ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் படுத்துக்கொள்ளலாம். சைக்கிளில் ஏற்றியவை தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு போர்வை, எழுதுபொருள், மருந்து, பஞ்சர் ஒட்டும் சாமான். சில நாட்களில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டினார்கள் என்கிறது பதிவு. இன்றைக்கு ஒரு நாளில் மூன்று பஞ்சர் ஆனாலே முகம் வாடுகிறவர்கள் அந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

பின்னாளில் இந்தத் தம்பதி சைக்கிளை விட்டுவிட்டு இமயமலைப் பனியாறுகளில் பல ஆண்டுகள் ஏறினார்கள். அப்போது அவர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு, சேர்ந்து பயணம் போகும் யாருக்கும் பயன்படும். ஓர் ஆண்டு பயண நிர்வாகம் முழுவதும் ஒருவர் பொறுப்பு, அளவெடுப்பதும் ஆய்வும் மற்றவர் பொறுப்பு; அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வார்கள். "நான்தான் எல்லாத்தையும் பாத்துக்கறேன்" என்ற முணுமுணுப்புக்கு அங்கே இடமில்லை. ஆனால் அவர்களிடம் கற்கக் கூடாத ஒன்றும் உண்டு. வழியில் சந்தித்த மக்களை, குறிப்பாகச் சுமை தூக்கியவர்களை, அவர்கள் மதிப்போடு நடத்தவில்லை. கூலியாட்களோடு ஓயாத தகராறு. பொருளுக்குப் போட்ட திட்டத்தில் கால்வாசியாவது மனிதர்களுக்குப் போட்டிருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

மேசைக்குத் திரும்பலாம். தூரம் முடிவானதும் அடுத்த கேள்வி, எந்தத் திசை, எந்த மாதம். இதை மேலோட்டமாக விட்டுவிடக் கூடாது.

ஸ்ரீநகரில் தொடங்கித் தெற்கே வருவது பலருக்குப் பிடித்த யோசனை. வீட்டை நோக்கி வருகிறோம் என்ற தெம்பு இருக்கும். அக்டோபர் தொடக்கத்தில் புறப்பட்டால் குளிர் தாங்கும்படி இருக்கும். ஆனால் அக்டோபர் கடைசியில் பஞ்சாபிலிருந்து டெல்லி வரை வைக்கோல் எரிக்கும் புகையும் தீபாவளிப் புகையும் சேர்ந்து மூடியிருக்கும். மூச்சிரைக்க மிதிக்கும் இருவர் அந்தக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு வர வேண்டும். அதைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது வடகிழக்குப் பருவமழை காத்திருக்கும். மேலும் பனிஹால் மலையேற்றம் கால் பழகாத முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

தெற்கிலிருந்து வடக்கே போனால் எல்லாம் தலைகீழ். பொங்கல் கழித்து, ஜனவரி 25 வாக்கில் கன்னியாகுமரியில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பனிக்காலக் காலை; லேசான எதிர்க்காற்று இருக்கும், அவ்வளவுதான். (முப்பந்தல் காற்றாலைகள் சுழன்று சுழன்று அடிக்கும் காற்றெல்லாம் மே மாதத்துக்குப் பிறகு.) பிப்ரவரி கடைசிக்குள் நாக்பூர். மே மாதம் 45 டிகிரியைத் தொடும் ஊர் அது. அப்போது பகல் வெயில் உறைக்கும், ஆனால் விடிகாலையில் ஓட்டினால் தாங்கலாம். மார்ச் 10-ஐ ஒட்டி டெல்லி, 20-ஐ ஒட்டி ஜம்மு. அதற்குள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்த கால், மலைக்குத் தயாராகியிருக்கும். மாதக் கடைசியில் ஸ்ரீநகர் போய்ச் சேரும்போது தால் ஏரிக்கு மேலே துலிப் தோட்டம் திறக்கும் பருவம். கோடையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வடக்கே ஓடும் இந்தத் திட்டத்துக்குத்தான் இந்தக் கட்டுரையின் ஓட்டு.

சைக்கிள் விஷயத்தில் விலையைவிட ஒற்றுமை முக்கியம். இரண்டு சைக்கிளுக்கும் ஒரே அளவு சக்கரம், ஒரே வகை டியூப், ஒரே வகை பிரேக் கட்டை, ஒரே வகை செயின் இருந்துவிட்டால் உதிரி சாமான் பாதியாகிவிடும். சிறு ஊர்க் கடைகளில் 26 அங்குல டியூபும், பழைய பெரிய சைக்கிளின் 28 அங்குல டியூபும் கிடைக்கும். நவீன வண்டிகளின் 700சி டியூப் பெரிய நகரங்களில்தான் கிடைக்கும். அதிலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு வைத்த டியூப் என்றால் சாலையோரப் பஞ்சர் கடையில் காற்றுகூடப் பிடிக்க முடியாது. விரல் நுனியளவு பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மாற்று டியூப் போதும். நாட்டின் சைக்கிள் தொழிலுக்குத் தலைநகரான லூதியானா வழியிலேயே வருகிறது. மலையேறுமுன் செயின், பிரேக் கட்டை, ஒயர் எல்லாவற்றையும் அங்கே புதிதாக மாட்டிக்கொள்ளலாம்.

பஞ்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் சைக்கிள்காரருக்குக் கிடைக்கும் இடம், வெள்ளைக் கோட்டுக்கு இடதுபுறம் உள்ள ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். சாலையின் குப்பை முழுவதும் ஒதுங்குவதும் அங்கேதான். லாரி டயர் வெடித்துச் சிதறும்போது உள்ளிருக்கும் எஃகு இழைகள் தலைமுடி போலத் துண்டு துண்டாக அங்கே கிடக்கும். தென்மாவட்டங்களில் அதோடு சீமைக் கருவேல முள்ளும் சேர்ந்துகொள்ளும். சக்கரம் தளர்ந்ததும் பதற்றத்தில் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அரைக் கிலோமீட்டரில் மறுபடி காற்று போகும். ஏனென்றால் குத்திய கம்பி டயரிலேயே இருக்கிறது.

இரண்டு பேர் இருந்தால் இது கால் மணி நேர வேலை. ஒருவர் லீவர் போட்டு டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து கிளப்ப, மற்றவர் டியூபை வெளியே இழுத்துக் கொஞ்சம் காற்றடிக்கிறார். தண்ணீர் தேடி அலைய வேண்டாம்; டியூபை உதட்டருகே கொண்டுபோய் மெல்லச் சுற்றினால் ஓட்டை வழியாக வரும் காற்று உதட்டில் சில்லென்று படும். வால்விலிருந்து ஓட்டை எவ்வளவு தூரம் என்று பார்த்து, அதே தூரத்தில் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் தடவ வேண்டும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும். துணி எங்கே இழுத்துப் பிடிக்கிறதோ, அங்கே அரிசியில் பாதி நீளத்துக்குக் கம்பி. வெறுங்கையால் பிடுங்க வராது. புருவ முடி எடுக்கும் சின்ன இடுக்கி வேண்டும். பயண சாமான் பட்டியல்களில் பலரும் மறக்கும் பொருள் அது. பிறகு உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை பொறுமையாக இருந்து, ஒட்டு. அந்த இரண்டு நிமிடப் பொறுமை இல்லாமல் ஈரத்தோடு ஒட்டுவதால்தான் பாதி ஒட்டு பிரிகிறது.

சாலைப் பாதுகாப்புக்கு இருவரும் சேர்ந்து கிளம்புமுன்னே கையெழுத்துப் போடாத ஒப்பந்தம் ஒன்று செய்துகொள்ள வேண்டும். இருட்டில் ஓட்டுவதில்லை, எவ்வளவு அருகில் லாட்ஜ் இருந்தாலும். விடிந்ததும் ஏறினால் பகல் ஒன்று, இரண்டுக்குள் அன்றைய தூரம் முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசுவதில்லை. பின்னால் வருபவர்தான் இருவருக்கும் காது. கனரக வண்டி வரும்போது அவர் குரல் கொடுக்க வேண்டும். வலது கைப்பிடியில் சிறிய கண்ணாடி, முதுகில் பளிச்சென்ற மஞ்சள் சட்டை, பகலிலும் மின்னும் சிவப்பு விளக்கு. நம் நெடுஞ்சாலைகளில் முன்னாலும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்: அந்த ஒன்றரை மீட்டரில்தான் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் எதிர்த்திசையில் வரும்.

சில இடங்களுக்குத் தனித் திட்டம் வேண்டும். ஐதராபாத்தின் வெளிவட்டச் சாலையில் இரண்டு சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நகரத்துக்குள்ளே புகுந்துதான் போயாக வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வரும்படி நாளை அமைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். பெங்களூருவுக்கும் டெல்லிக்கும் அதே யோசனை. நாக்பூரைத் தாண்டி சிவனி போகும் வழியில் பெஞ்ச் புலிக் காடு. அங்கே விலங்குகள் அடியில் கடந்து போவதற்காகச் சாலையையே பல இடங்களில் தூண் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். புலிகள் அந்த வழியைப் பயன்படுத்துவதைத் தானியங்கிக் கேமராக்கள் படம் பிடித்திருக்கின்றன. அழகான சாலைதான், ஆனால் நன்றாக விடிந்த பிறகு நுழைந்து வெயில் இருக்கும்போதே வெளியே வந்துவிட வேண்டிய சாலை.

ஜம்முவுக்கு அப்பால் நாளுக்கு 75 என்பதை மறந்துவிடலாம். 45 கிடைத்தால் நல்ல நாள். ராம்பன் பக்கம் மழை பெய்தால் மலை சரிந்து சாலை மூடிக்கொள்ளும். ஜம்மு காஷ்மீர் போக்குவரத்துக் காவல்துறை தினமும் வெளியிடும் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. செனானி - நாஷ்ரி சுரங்கம் மட்டுமே 9 கிலோமீட்டர். சைக்கிளை அன்று உள்ளே விடுவார்களா என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பட்னிடாப் வழியாகப் பழைய சாலையில் ஏற வேண்டும். அல்லது ஒரு வேனில் சைக்கிளை ஏற்றிக்கொள்ள வேண்டும். வேனில் ஏறினால் பயணம் தீட்டாகிவிடுமா என்ற விவாதத்தைப் பனி கொட்டும் சுரங்க வாயிலில் நடத்தக் கூடாது. அதையும் வீட்டு மேசையிலேயே முடித்துவிட வேண்டும். இன்னொரு சின்னக் காரியம்: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. இருவரில் ஒருவராவது ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

கூடாரம் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். இந்தப் பாதையில் தேவையே இல்லை. முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு லாட்ஜ். இல்லாத இடத்தில் தாபாவின் கயிற்றுக் கட்டில். பஞ்சாபில் குருத்வாரா வாசலில் கேட்டால் பெரும்பாலும் படுக்க இடமும், லங்கரில் வயிறாரச் சாப்பாடும் கிடைக்கும். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவக் கை கொடுத்துவிட்டு வருவது மரியாதை. பெண்களுக்கு உண்மையான பிரச்சினை கழிப்பறை. வரைபடத்தில் லாட்ஜைக் குறிப்பதற்கு முன்னால் பெட்ரோல் பங்குகளைக் குறித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதுதான் பல பெண்களுக்குப் பாதிப் பயணத்தில் காய்ச்சலாகவும் நீர்க்கடுப்பாகவும் வந்து நிற்கிறது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருவர் பையிலும் இருக்க வேண்டும்.

பணம்: இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 2,000 முதல் 2,500 ரூபாய் என்று வைத்தால் 62 நாளுக்கு ஒன்றேகால் லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை. ஒரே அறையில் தங்குவதால் தனியாகப் போவதைவிடத் தலைக்குச் செலவு குறைவு. நண்பர்கள் என்றால் இருவரும் சமமாகப் போட்ட ஒரு பொதுப் பை நல்லது. டீக்கு நீ கொடு, சாப்பாட்டுக்கு நான் கொடுக்கிறேன் என்று போனால் ஒரு மாதத்தில் யாரோ ஒருவர் மனதில் கணக்கு எழுதத் தொடங்கியிருப்பார்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சும். கேட்கவே சங்கடமான கேள்வி. நம்மில் ஒருவரால் முடியாமல் போனால்?

1972-இல் கிரெக், ஜூன் சைப்பிள் தம்பதியும் டான், லிஸ் பர்டன் தம்பதியும் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்முனை வரை போவது என்று சைக்கிளில் கிளம்பினார்கள். மெக்சிகோவில் டான் பர்டனை மஞ்சள் காமாலை பிடித்துக்கொண்டது. பர்டன் தம்பதி ஊர் திரும்பினார்கள். சைப்பிள் தம்பதி தொடர்ந்து மிதித்து 1975-இல் முனையைத் தொட்டார்கள். பகை வளர்ந்திருக்கக்கூடிய இடம் அது. வளரவில்லை. காரணம், பயணத்தின் நடுவே நால்வரும் சேர்ந்து இன்னொரு கனவைக் கண்டிருந்தார்கள்: அமெரிக்கா விடுதலையடைந்து இருநூறு ஆண்டு நிறையும் 1976-இல் ஆயிரக்கணக்கானோரை அந்த நாட்டின் குறுக்கே சைக்கிளில் அழைத்துப் போவது. ஊர் திரும்பிய பர்டன் தம்பதி அதற்கான வேலையைத் தொடங்கினார்கள். அந்தக் கோடையில் ஒரேகனிலிருந்து வர்ஜீனியா வரை வகுத்த 4,250 மைல் பாதையில் சுமார் 4,100 பேர் ஓட்டினார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் முழுத் தூரமும். அதற்காகத் தொடங்கிய அமைப்பு வேறு பெயரில் மொன்டானாவில் இன்றும் சைக்கிள் பாதை வரைபடங்கள் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. வழியில் நின்றுபோனவர்களின் கை இல்லாமல் அது நடந்திருக்காது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1923-இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். 1928-இல் சுற்றி முடித்துத் திரும்பியவர்கள் மூன்று பேர்: அடி ஹக்கீம், ஜல் பாபசோலா, ருஸ்தம் பும்காரா. பாதிப் பேர் பாதியில் பிரிந்தும் பயணம் நின்றுபோகவில்லை.

ஆகவே ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தொடரலாமா, இருவரும் திரும்புவதா, எந்த நிலைமையில் எந்த முடிவு என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும். "நில்" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு நின்றே ஆக வேண்டும், வாதம் மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது நல்ல விதி. சாயங்காலப் பசியில் எடுத்த எந்த முடிவும் உருப்பட்டதில்லை.

பெரிய பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு சின்ன ஒத்திகை அவசியம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர். முழுச் சுமையோடு இரண்டு நாளில் போகலாம். மண்டபம் தாண்டியதும் பாம்பன் பாலத்தின் மேல் அடிக்கும் பக்கக்காற்றில் கனத்த சைக்கிள் எப்படி ஆடுகிறது என்பது தெரிந்துவிடும். எந்தப் பை தேவையில்லை என்பதும், யார் எப்போது எரிச்சலாகிறார் என்பதும் தெரியும். திரும்பும்போது சைக்கிளை ரயிலில் பார்சலாகப் போட்டுப் பழகிக்கொள்ளலாம். ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் எவ்வளவு நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது புத்தகத்தில் படித்துத் தெரிகிற விஷயம் இல்லை. அந்த இரண்டு நாளும் கசந்தால், அறுபது நாளை ஒரு வருடம் தள்ளிப்போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கடைசியாகத் திரும்பும் டிக்கெட். ஜம்மு வழியாகக் கத்ராவிலிருந்து கன்னியாகுமரிக்கு ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு முறை ஓடுகிறது. இருவரும் இரண்டு மாதம் மிதித்த தூரத்தை அது ஏறத்தாழ மூன்று நாளில் கடந்துவிடும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. கன்னியாகுமரியில் கிளம்பிய சில நாளிலேயே, பதிவு திறந்ததும் டிக்கெட் எடுத்துவிட்டால், அந்தத் தேதி இருவரையும் பின்னாலிருந்து துரத்திக்கொண்டே வரும். நாக்பூர் வரை பொறுங்கள். ஏறத்தாழ பாதித் தூரம் அது. அங்கே இரண்டு நாள் தங்கி, துணி துவைத்து, இருவர் முழங்காலும் எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுவிட்டு, பிறகு தேதி போடுங்கள்.